காரணை கேட்ட நிலம்: இளைஞர் எழுச்சி வரலாற்றில் விடுபட்ட ஓர் அத்தியாயம்



ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பெயர்களின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். செங்கல்பட்டுச் சேரிகளில் இந்தப் பெயர்களை அறியாதவர்கள் குறைவு. ஆனால் தமிழ்நாட்டு இளைஞர் போராட்டங்களைப் பற்றி எழுதப்பட்ட பொது வரலாறுகளைப் புரட்டினால் இவ்விருவரும் அங்கே அரிதாகவே தென்படுவார்கள். 1938இல் தொடங்கிய இந்தி எதிர்ப்புப் போர், 1965 மாணவர் கிளர்ச்சி, 2017 மெரினா எழுச்சி என்று அந்தப் பட்டியல் நீளும். மொழிக்காகவும் பண்பாட்டுக்காகவும் எழுந்த இளைஞர்களுக்கு அதில் உரிய இடம் உண்டு, இருக்க வேண்டும். நிலத்துக்காக எழுந்த இளைஞர்கள் ஏன் அதில் இல்லை? இந்தச் சொற்பொழிவில் நான் கேட்க விரும்புவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

விடை தேட நூறாண்டுகள் பின்னால் போக வேண்டும்.

அன்றைய செங்கல்பட்டு ஜில்லா மிராசு முறை வேரோடியிருந்த பகுதி. கிராமத்து நிலத்தின் மீதும் தரிசின் மீதும் மிராசுதார்களுக்குப் பரம்பரை உரிமை இருந்தது. சேரி மக்கள் படியாட்களாகவும் பண்ணையாட்களாகவும் உழைத்தார்கள். அவர்கள் குடிசை போட்டிருந்த மனைகூடப் பெரும்பாலும் மிராசுதாருடையது. கூலியைப் பற்றி வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துவிடலாம் என்ற அச்சுறுத்தல் எப்போதும் தலைக்கு மேல் தொங்கியது. தரிசு நிலம் வேண்டி ஒரு பறையர் தர்காஸ்து போட்டால், அதே நிலத்தைக் கேட்க மிராசுதாருக்கு முன்னுரிமை இருந்தது. இப்படி ஆண்டுக்கணக்கில் தரிசு தரிசாகவே கிடந்தது. அதை உழத் தெரிந்தவர் நிலமற்றவராகவே இருந்தார்.

1891இல் இந்த ஜில்லாவின் கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதி அரசுக்கு அனுப்பினார். நம் மேடைகளில் இதைப் பல முறை கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் ஒரு நல்ல வெள்ளைக்காரர் மனமிரங்கித் தந்த கொடை போல அது ஒலிக்கிறது. அந்த ஒலியோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த அறிக்கையின் அடியில் இருப்பவை என்ன? தர்காஸ்து போட்டவர்களின் முயற்சிகள். அவை தள்ளப்பட்ட கதைகள். மனை உரிமைக்கான ஏக்கம். கேட்டவர்கள் இருந்ததால்தான் கலெக்டர் எழுத நேர்ந்தது.

அதே காலத்தில் நம்மவர்களும் பேசத் தொடங்கியிருந்தார்கள். இதே ஜில்லாவில் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாக்கிய அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் முப்பதுகளைக் கடந்துகொண்டிருந்த ஒரு மனிதர் இருந்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1891 டிசம்பரில் நீலகிரியில் மாநாடு கூட்டினார். செங்கல்பட்டு அறிக்கையும் நீலகிரி மாநாடும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. வரலாற்றை எழுதுபவர்கள் இவற்றைத் தனித்தனி அறைகளில் வைத்துவிட்டார்கள்.

வருவாய் வாரியம் தயங்கியபோதும், 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை பிறந்தது. அதைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒப்படைக்கப்பட்ட நிலங்களே பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. ஒப்படைப்பில் நிபந்தனைகள் இருந்தன. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு கெட்டியான வேலி போட்ட நிலம் எப்படிப் போயிற்று? ஒரே நாளில் போகவில்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வாங்கிய கடனுக்கு ஈடாகக் கொஞ்சம் போனது. படிக்கத் தெரியாதவரின் கைநாட்டில் கொஞ்சம் போனது. மிரட்டலில் கொஞ்சம் போனது. செல்லாத பத்திரங்களும் பதிவு அலுவலகங்களில் பதிவாயின. 1979 முதல் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, பல ஊர்களில் அன்றைக்கு யார் கையில் நிலம் இருந்ததோ அவர் பெயருக்கே பட்டா ஏறியது. பழைய பதிவேட்டில் இருந்த ‘டி.சி. நிலம்’ என்ற குறிப்பு புதிய பதிவேட்டில் காணாமல் போனது. அடியாள் தேவைப்படாத அபகரிப்பு இது. ஓர் எழுத்தரின் பேனா போதுமானதாக இருந்தது.

இந்தப் பின்னணியில் 1990களின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். அம்பேத்கர் நூற்றாண்டு வந்து போயிருந்தது. சேரிகளின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஊர் திரும்பியிருந்தார்கள். 1966இல் ஓக்லாந்தில் எழுந்த கறுஞ்சிறுத்தைகளின் பெயரை 1972இல் பம்பாய் இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது மதுரை வழியாகத் தமிழகச் சேரிகளுக்குள் வந்திருந்தது. பம்பாய்ச் சிறுத்தைகளின் அறிக்கையிலும் நிலம் ஒரு முதன்மையான கோரிக்கை என்பதை மறக்க வேண்டாம். தாத்தா சொன்ன ‘நம்ம நிலம்’ என்ற சொல்லைப் பேரன் அரசாணை எண்ணோடு சேர்த்துப் படித்த காலம் அது.

மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள். அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. ஏன் சிலை என்று அன்று கேட்டவர்கள் உண்டு. பட்டா மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தச் சிலையே எல்லைக்கல். அதை அகற்றியது எல்லைக்கல்லைப் பிடுங்கியதற்குச் சமம். நிலத்தையும் சிலையையும் திரும்பக் கேட்டு, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் மக்கள் திரண்டார்கள். காவல்துறை சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

அவர்கள் கேட்டது என்ன? புதிய சட்டம் கேட்கவில்லை. அடுத்தவர் சொத்தைக் கேட்கவில்லை. 102 ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கும் ஓர் ஆணையை நிறைவேற்றச் சொன்னார்கள். இதைத் தீவிரவாதம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். சட்டத்தை மீறி நிலம் வைத்திருந்தவர் அமைதியான குடிமகனாகவும், சட்டப்படி நிலம் கேட்டவர் கலகக்காரராகவும் காட்டப்பட்ட விந்தை அது.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். முதல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு 1939 ஜனவரியில் உயிர்நீத்த நடராசன், ஓர் ஆதிதிராவிட இளைஞர். அவருக்குப் பின் சில வாரங்களில் தாளமுத்து இறந்தார். இருவர் பெயரிலும் சென்னை எழும்பூரில் ஒரு மாளிகை இருக்கிறது. 1965இல் சுடப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரனுக்குச் சிலை இருக்கிறது. மொழிக்காகச் செத்த தலித் இளைஞரை இந்தச் சமூகம் தன் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டது. அதில் எவரும் எதையும் திருப்பித் தர வேண்டியிருக்கவில்லை. நிலத்துக்காகச் செத்த இளைஞரை நினைத்தால் கையில் இருப்பதைத் திருப்பித் தர வேண்டும். மறதிக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தாளமுத்து நடராசன் மாளிகையில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இயங்குகிறது. பெருநகரத்தின் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் அலுவலகம் அது. ஒரு தலித் இளைஞரின் பெயர் தாங்கிய கட்டடத்தில் நிலத்தைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அந்தக் கோப்புகளுக்குள் பஞ்சமி நிலம் என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று நாம் கேட்க வேண்டும்.

ஏனென்றால் காரணையின் காலம் முடியவில்லை. 1994இல் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமாக இருந்தது பிறகு காஞ்சிபுரமாகி, 2019இல் செங்கல்பட்டு மாவட்டமாயிற்று. பெயர்ப்பலகை மாறிய இந்தக் காலத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகச் சொகுசு விடுதிகளும் மனைப்பிரிவுகளும் வந்துவிட்டன. யாரும் சீந்தாத தரிசு என்று நம்மிடம் தள்ளப்பட்ட மண் இன்று சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகிறது. ஒவ்வொரு புதிய கிரயமும் பழைய தவறை இன்னும் ஓரடுக்கு மண்போட்டு மூடுகிறது.

இந்த அவையில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்டோபர் 10 அன்று வீரவணக்கம் செலுத்துகிறோம். அது தொடரட்டும். அதோடு ஒரு வேலையும் செய்யுங்கள். உங்கள் ஊரின் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் இன்றைய ‘அ’ பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புல எண் புல எண்ணாக ஒப்பிடுங்கள். ‘டி.சி.’ என்ற குறிப்பு எந்தப் பக்கத்தில் மறைந்தது என்று குறித்து வையுங்கள். உங்கள் பாட்டியிடம் அந்த நிலத்தின் வழக்குப் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் அது இருக்காது.

அடுத்த ஆண்டு இதே நாளில் மாலையோடு அந்தப் பட்டியலையும் கொண்டுவாருங்கள். ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டுக்கு வந்தது நிலத்தைக் கேட்கத்தான்.