பரங்கிமலையும் ஆலந்தூரும்: ஒரு புறநகர்த் தொகுதியின் வரலாறு

சென்னைக்குத் தெற்கே விமான நிலையம் செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தில் நிற்கும் பரங்கிமலையை நம் ஜமாஅத்தார் அனைவரும் அறிவர். 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் இந்தியப் பெருநிலப்பரப்பை அளக்கும் பணிக்கு முதல் அடிக்கோடு வகுத்தது இம்மலையடிவாரத்தில்தான். இம்மலையின் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதியும் இருந்தது என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார்.

பரங்கிமலைத் தொகுதி நாடறிந்த பெயரானது 1967இல். அவ்வாண்டு ஜனவரி 12ஆம் நாள், அருகிலுள்ள இராமாவரம் தோட்ட இல்லத்தில் எம்.ஜி.ஆர். அவர்கள் நடிகர் எம்.ஆர். ராதாவால் சுடப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. தேர்தலோ அடுத்த மாதமே. தி.மு.க. வேட்பாளரான அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருக்க, கழுத்தில் கட்டுடன் கூடிய அவரது படம் சுவரொட்டியாகத் தமிழகமெங்கும் வாக்குக் கேட்டது. வேட்பாளர் நேரில் வாராத தொகுதியில் சுமார் 27,000 வாக்கு வேறுபாட்டில் காங்கிரஸ் தோற்றது. அத்தேர்தலில் காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் தலைமையிலான முஸ்லிம் லீக் தி.மு.க. கூட்டணியில் இருந்தது. வெற்றிக்கு அனுதாபம் மட்டுமே காரணம் என்பாருண்டு. அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் அதனினும் பெரிய காரணங்கள் என்பதே நம் எண்ணம்.

1971இலும் எம்.ஜி.ஆர். இங்கேயே வென்றார். 1972 அக்டோபரில் அ.தி.மு.க.வைத் தோற்றுவித்தபோது அவர் பரங்கிமலை உறுப்பினரே. ஆயினும் 1977இல் முதலமைச்சரானபோது அவர் அருப்புக்கோட்டை உறுப்பினர். அதற்குள் தொகுதி மறுவரையறையில் பரங்கிமலை என்னும் தொகுதியே மறைந்து, அவ்வாண்டுத் தேர்தலில் ஆலந்தூர் தொகுதி தோன்றியது. அதன் முதல் உறுப்பினர் அ.இ.அ.தி.மு.க.வின் கே.எம். அப்துல் ரஜாக் ஆவார். ஒரு பெரும் நட்சத்திரத்தின் நிழல் படிந்த பகுதியில் வென்ற இவர் பெயரை இன்று நினைவுகூர்வோர் மிகச் சிலரே. அதன்பின் இரு கழகங்களும் மாறிமாறி வென்றன. 2001இல் பா. வளர்மதி, 2006இல் தா.மோ. அன்பரசன் ஆகியோர் வெற்றி பெற்றனர்.

இத்தொகுதியின் வரலாற்றில் சட்டமன்றத்தைவிட நகராட்சி மன்றம் செய்த பணி ஒன்று தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1990களின் பிற்பகுதியில் ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டம் தீட்டியது. அரசின் நிதிக்குக் காத்திராமல், வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை கேட்டது. அன்றைய நிலையில் அது சிறு தொகை அன்று. அப்போதைய நகர்மன்றத் தலைவர் ஆர்.எஸ். பாரதியும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் தெருத்தெருவாகச் சென்று விளக்கினர். கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிவதையும், லாரிக்காகக் காத்திருப்பதையும் கண்டு சலித்திருந்த மக்கள் பணத்தைக் கட்டினர். பெருங்குடியில் நாளொன்றுக்கு 1 கோடியே 20 இலட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் தனியார் பங்கேற்புடன் அமைந்தது. பிற நாட்டு வல்லுநர்களும் இத்திட்டத்தை எடுத்துக்காட்டாக எழுதினர். அந்நகராட்சியும் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்து மறைந்துவிட்டது.

2008ஆம் ஆண்டின் மறுவரையறையால் தென்புறநகரில் பல்லாவரம், சோழிங்கநல்லூர் ஆகிய புதிய தொகுதிகள் உருவாயின. ஆலந்தூர் பெயர் தப்பியது, எல்லை மாறியது. 2011இல் தே.மு.தி.க. சார்பில் பண்ருட்டி ச. இராமச்சந்திரன் வென்றார். எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்தவர், எம்.ஜி.ஆரின் பழைய வட்டாரத்திலேயே வேறொரு கட்சியின் உறுப்பினரானது காலத்தின் விந்தை. 2013 டிசம்பரில் அவர் பதவி விலக, 2014 இடைத்தேர்தலில் அ.இ.அ.தி.மு.க.வின் வி.என்.பி. வெங்கட்ராமன் வென்றார். எழுத்தாளர் ஞாநியும் அப்போது ஆம் ஆத்மி வேட்பாளராகப் போட்டியிட்டார். 2016இல் அன்பரசன் மீண்டும் வென்றபோது, தோற்றவர் அ.இ.அ.தி.மு.க.வுக்கு மாறியிருந்த பண்ருட்டியார். 2021இல் தோற்றவர் வளர்மதி. இத்தொகுதியின் முன்னாள் உறுப்பினர் இருவரை அடுத்தடுத்து வென்றவர் அவர்.

இன்று பரங்கிமலை என்பது இரயில் நிலையத்தின் பெயராகவும், படைமுகாமின் பெயராகவும் வழங்குகிறது. வாக்காளர் பட்டியலில், ஒரு தொகுதியின் பெயராக, அது இல்லை.