மிரட்டிய கீபோர்டும் மயக்கிய ஒலியும்

எண்பதுகளின் மேற்கத்திய காதல் பாடல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பாடகர் வாய் திறப்பதற்கு முன் ஓர் எலெக்ட்ரிக் பியானோ ஒலிக்கும். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை மெல்லத் தட்டியதுபோல் இருக்கும். அந்த ஒலி யமஹாவின் டி.எக்ஸ்.7 என்ற கீபோர்டில் பிறந்தது. கீபோர்டுக்குள் இருந்த எஃப்.எம். முறை இன்று கணினியில் பிளக்-இன்னாக வாழ்கிறது. கேட்க இனிமை, புதிதாக ஓர் ஒலியை உருவாக்கப் போனால் தலைவலி என்ற பெயரும் நாற்பது ஆண்டுகளாக அதைவிட்டு அகலவில்லை. எண் ஒன்றைக் கொஞ்சம் கூட்டினால் மணியோசை இரைச்சலாகிவிடும். இப்படி முரண்டுபிடிக்கும் கருவி இசைக்கலைஞர்களை விரட்டிவிட்டதா? பதில் அதன் பூர்வீகத்தில் இருக்கிறது. அந்தப் பூர்வீகமோ, ஒரு வணிகக் கிடங்கில் தொடங்குகிறது.

1799-ல் ஜெர்மனியின் பிரெமன் துறைமுக நகரில், ஓர் ஏற்றுமதி-இறக்குமதி நிறுவனத்தில் பயிற்சிக் கணக்கராகச் சேர்ந்தான் ஃபிரீட்ரிக் பெஸ்ஸல் என்ற சிறுவன். சரக்குக் கப்பல்கள் கடலில் தங்கள் இடத்தை எப்படிக் கண்டறிகின்றன என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவனை வானியலுக்கு இழுத்துச் சென்றது. பிற்காலத்தில் பெரிய வானியலாளராகிக் கோள்களின் பாதையைக் கணக்கிட்டபோது, அவர் ஒருவகைக் கணிதச் சார்புகளை முறைப்படுத்தினார். இன்று அவை பெஸ்ஸல் சார்புகள் எனப்படுகின்றன. இசைக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை.

ரேடியோக்காரர்கள் அவற்றைக் கையில் எடுத்தபோது நூறு ஆண்டுகள் ஓடியிருந்தன. 1922-ல் அமெரிக்கப் பொறியாளர் ஜான் கார்சன், ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையைக் கொண்டு ஆட்டினால் என்ன ஆகும் என்று இந்தச் சார்புகளை வைத்தே கணக்கிட்டார். பக்கவாட்டில் புதிய அதிர்வெண்கள் வரிசையாக முளைக்கும் என்பது கணக்கில் தெரிந்தது. ஒலிபரப்புக்கு இதனால் லாபமில்லை என்று அவர் முடிவுகட்டினார். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் அதை ஏற்கவில்லை. 1933-ல் அவர் பெற்ற காப்புரிமைகளிலிருந்து எஃப்.எம். வானொலி வளர்ந்தது. பிளஸ் டூ இயற்பியலில் 'அதிர்வெண் பண்பேற்றம்' என்று நாம் மனப்பாடம் செய்தது இதைத்தான்.

இதே பண்பேற்றம் இசைக்குள் வந்ததற்குக் காரணம் ஒரு டிரம்மர். ஜான் சவுனிங் பாரிஸில் நாடியா பூலாஞ்சேயிடம் பயின்றுவிட்டு, கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இசை படித்துக்கொண்டிருந்தார். பெல் ஆய்வகத்தின் மேக்ஸ் மேத்யூஸ், கணினியை இசைக்கருவியாக்கலாம் என்று எழுதிய கட்டுரை அவர் கைக்கு வந்தது. கணினி பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் 1964-ல் பெல் ஆய்வகத்துக்கே போய், துளையிட்ட அட்டைகள் அடங்கிய பெட்டியோடு திரும்பினார். அந்த அட்டைகளில் இருந்தது ஒலி உண்டாக்கும் நிரல். டியூபா வாசித்த ஒரு கணித மாணவரின் துணையோடு அதை ஸ்டான்ஃபோர்டு கணினியில் ஓடவைத்தார். ஆக, எஃப்.எம். இசை தன் முதல் மூச்சை விட்டதே மென்பொருளாகத்தான்.

1967 இலையுதிர் காலத்தில் சவுனிங் வைப்ரட்டோவைச் சோதித்துக்கொண்டிருந்தார். வயலின் கலைஞர் விரலை அசைத்துச் சுருதியை லேசாக ஆட்டுவாரே, அதுதான். நொடிக்கு ஐந்தாறு முறை ஆடினால் காது அதை அசைவாகக் கேட்கும். அவர் வேகத்தையும் ஆழத்தையும் ஏற்றிக்கொண்டே போனார். நொடிக்குச் சில பத்து முறைகளைத் தாண்டியதும் அசைவு மறைந்தது. அந்த இடத்தில் முற்றிலும் புதிய ஒலிநிறம் ஒன்று நின்றது. வெறும் இரண்டு அலைகள்! ஒன்று ஒலிக்கிறது, மற்றது அதை ஆட்டுகிறது. அதே நிறத்தைத் தனித்தனி அலைகளைக் கூட்டி உண்டாக்கியிருந்தால் டஜன் கணக்கில் அலைகள் தேவைப்பட்டிருக்கும். கணினி நேரம் பொன்னாக இருந்த அந்தக் காலத்தில் இது பெரும் புதையல்.

இரண்டு அலைகளின் விகிதம் முழு எண்ணாக இருந்தால் சங்கீதத்துக்கு இசைந்த ஒலி கிடைக்கும். 1-க்கு 1 என்றால் பித்தளைக் குழல்போல் நிறைவாக, 1-க்கு 2 என்றால் கிளாரினெட்போல் உள்ளீடற்று ஒலிக்கும். விகிதம் 1-க்கு 1.4 என்று பிசகினால் மணியோசை. ஆட்டத்தின் ஆழம் கூடக் கூட ஒலியின் பிரகாசம் கூடும். பெல் ஆய்வகத்தில் ஜான்-குளோட் ரிஸ்ஸே டிரம்பெட் ஒலியை அலசி, சத்தம் ஏறும்போது பிரகாசமும் ஏறுகிறது என்று காட்டியிருந்தார். 1971-ல் சவுனிங் அதை நினைவுகூர்ந்து, சத்தத்தையும் ஆழத்தையும் ஒன்றாகவே ஏற்றி இறக்கினார். கணினியிலிருந்து பித்தளை வாத்தியம் ஒலித்தது.

ஸ்டான்ஃபோர்டின் உரிம அலுவலகம் இதை விற்கக் கிளம்பியது. ஹாமண்ட் போன்ற அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் பார்த்தன, கேட்டன, கைவிரித்தன. பிறகு யமஹாவிடமிருந்து கசுகியோ இஷிமுரா என்ற இளம் பொறியாளர் வந்தார். அவருக்கு விஷயம் சில நிமிடங்களில் பிடிபட்டுவிட்டதாகச் சவுனிங் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பிற்காலத்தில் யமஹாவின் தலைவராகவே ஆனார் இஷிமுரா. இந்தப் பேச்சுவார்த்தை நடந்த காலத்தில் ஸ்டான்ஃபோர்டு சவுனிங்குக்கு நிரந்தரப் பணி தர மறுத்து அவரை அனுப்பிவிட்டிருந்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் ஆறாத விஷயம். நல்லவேளை, 1975-ல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1977-ல் காப்புரிமை கிடைத்தது. அது காலாவதியாவதற்குள் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் ஈட்டித் தந்தது.

கணிதத்தைச் சில்லுக்குள் அடைக்க யமஹாவுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. முதலில் வந்த ஜி.எஸ்.1 பெரிய பியானோ அளவில் இருந்தது. விலையும் எட்டாத உயரம். 1983-ல் டி.எக்ஸ்.7 வந்தது: 61 கட்டைகள், ஒரே நேரத்தில் 16 சுரங்கள், அமெரிக்காவில் 1,995 டாலர். அந்த ஆண்டுதான் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் மிடி இணைப்பும் அறிமுகமானது. மொத்தத்தில் சுமார் 2 லட்சம் டி.எக்ஸ்.7 விற்றதாகச் சொல்கிறார்கள்.

வாங்கியவர்கள் அதைத் திறந்து பார்த்துத் திகைத்தார்கள். அதுவரை சிந்தசைசர் என்றால் குமிழ்கள் நிறைந்த பலகை. ஒன்றைத் திருகினால் என்ன மாறுகிறது என்று காதே சொல்லிவிடும். டி.எக்ஸ்.7-ல் தட்டையான பொத்தான்கள், எண்களை மாற்ற ஒரே ஒரு தள்ளுவிசை, இரண்டு வரி எழுத்துத் திரை. உள்ளே ஆபரேட்டர்கள் எனப்படும் ஆறு அலைகள், எது எதை ஆட்ட வேண்டும் என்று அவற்றை இணைக்க 32 அல்காரிதங்கள், ஒவ்வோர் ஆபரேட்டரும் நேரத்தோடு ஏறி இறங்கும் விதத்தைச் சொல்லத் தனி என்வலப். ஓர் ஒலிக்கு ஏறத்தாழ 150 எண்கள். திரையில் ஒரு சமயம் தெரிவது ஓர் எண்தான். அந்த எண்களின் குணமும் ஒரே மாதிரி இல்லை. ஆபரேட்டரின் அளவு 0 முதல் 99 வரை. மேல்பகுதியில் எட்டே படி ஏற்றினால் ஆட்டத்தின் ஆழம் இரட்டிப்பாகிவிடும். 60-லிருந்து 68-க்குப் போனவர் வேறோர் உலகத்துக்குப் போய்விடுவார்.

இங்கேதான் வியாபாரம் நுழைந்தது. பிரிட்டனின் டேவ் பிரிஸ்டோவும், சான் ஃபிரான்சிஸ்கோவில் பியானோ கடை நடத்திய கேரி லூயன்பெர்கரும் சில நாள்களுக்குள் உருவாக்கித் தந்த ஒலிகள் கருவியோடு வந்தன. 'ஈ. பியானோ 1' அவற்றில் ஒன்று. பழுதுபார்க்க வந்த கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றில் ஆலை தந்த ஒலிகள் தொடப்படாமலே இருந்தன என்பது அந்தத் தொழிலில் இன்றும் சொல்லப்படும் கதை. கூடுதல் ஒலி வேண்டியவர்கள் கார்ட்ரிட்ஜ் வாங்கினார்கள். ஒலிகளைத் தயாரித்து விற்பதே தனித் தொழிலானது. ஒருவர் வடித்த ஒலி ஆயிரம் பாடல்களில் ஒலிக்கும் பழக்கம் இப்படித்தான் வேர்விட்டது. எல்லோரும் சுலபமாகப் புரோகிராம் செய்ய முடிந்திருந்தால், ஒரே பியானோ ஒலி ஒரு பத்தாண்டின் முத்திரையாக ஆகியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். எண்களோடு மல்லுக்கட்டி வென்றவர்களும் உண்டு. இசையமைப்பாளர் பிரையன் ஈனோ இந்தக் கீபோர்டைப் பல ஆண்டுகள் கைவிடாமல் தனக்கென ஒலிகளைச் செதுக்கினார்.

போட்டியாளர்கள் சும்மா இருப்பார்களா? காப்புரிமையில் சிக்காமல் அதே சாயலில் ஒலிக்க, கேசியோ வேறொரு கணிதத்தைப் பிடித்தது. 1984-ல் வந்த அதன் சி.இசட்.101 சிறியது, மலிவு, புரிந்துகொள்ளவும் எளிது. அதே ஆண்டுகளில் கணினியோடு இணைந்த இசை சென்னைக்கும் வந்துவிட்டது. 1986-ல் இளையராஜா இசையில் வெளியான 'புன்னகை மன்னன்' கணினி இசைக்காகவே பேசப்பட்ட படம்.

1987-ல் ரோலண்ட் டி-50, 1988-ல் கோர்க் எம்1. உண்மையான வாத்தியங்களின் ஒலித்துணுக்குகளைச் சேமித்து வைத்திருந்த இவை வந்ததும் மேடைகளில் எஃப்.எம். பின்வாங்கியது. ஆனால் அழியவில்லை, விலை இறங்கிய சில்லாக எங்கெங்கோ பரவியது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஓர் இசைப் பேராசிரியர் தொடங்கிய ஆட்லிப் நிறுவனம், 1987-ல் யமஹா சில்லைக் கணினி அட்டையில் பொருத்திக் கணினி விளையாட்டுகளுக்கு இசை கொடுத்தது. சில்லை விற்றது யமஹா, யாரும் வாங்கலாம். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் அதையே வாங்கி, கூடவே பதிவுசெய்த ஒலியை வாசிக்கும் வசதியையும் சேர்த்து 1989-ல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. 1992-ல் ஆட்லிப் திவாலானது. சேகாவின் விளையாட்டுப் பெட்டியிலும் பிறகு செல்போன் ரிங்டோன்களிலும் யமஹாவின் எஃப்.எம். சில்லுகள் ஒலித்தன. வானியல் கணக்கு சட்டைப்பைக்குள் வந்துவிட்டது.

மென்பொருளாகப் பிறந்தது மென்பொருளுக்கே திரும்பியது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். பெர்லினின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் எஃப்.எம்.7-ஐயும், 2006-ல் எஃப்.எம்.8-ஐயும் வெளியிட்டது. பிறகு டெக்ஸ்டு என்ற இலவசப் பிளக்-இன் வந்தது. டி.எக்ஸ்.7-ன் 32 ஒலிகள் சேர்ந்து 4,096 பைட்தான். செல்போனில் எடுக்கும் ஒரு படத்தைவிடப் பல நூறு மடங்கு சிறியது. அதனால் நாற்பது ஆண்டுகளாக மனிதர்கள் செதுக்கிய ஒலிகள் பெருமளவு அப்படியே பிழைத்து, இந்த மென்பொருள்களில் இன்றும் திறக்கின்றன. ஆறு ஆபரேட்டர்களும் அவற்றின் என்வலப்களும் ஒரே திரையில் கண்ணெதிரே தெரிகின்றன. இரண்டு வரித் திரையின் கொடுமை தீர்ந்தது.

கஷ்டம் தீர்ந்ததா? பாதிதான். ஒளிந்திருந்த எண்களைத் திரை வெளியே கொண்டுவந்தது; அந்த எண்களின் கூர்மை அப்படியே இருக்கிறது. கூர்மையை மழுங்கடித்தால் எஃப்.எம்.மின் உயிரும் போய்விடும். மெல்லத் தொட்டால் மணி, அழுத்தித் தொட்டால் உலோகம் என்று 'ஈ. பியானோ 1' விரலுக்கு மசிவதற்குக் காரணம், சிறு மாற்றத்துக்கும் பெரிதாகப் பதில் சொல்லும் அந்தக் குணம்தான். புரோகிராம் செய்பவரைச் சோதிப்பதும் வாசிப்பவரை மகிழ்விப்பதும் ஒன்றே. இந்தக் கருவி கலைஞர்களைப் புரோகிராம் செய்வதிலிருந்து விரட்டியது. வாசிப்பதிலிருந்து யாரையும் விரட்டவில்லை.

புரோகிராம் செய்யவும் பயப்பட வேண்டாம் என்பேன். டெக்ஸ்டைத் திறந்து வெற்று ஒலியில் தொடங்குங்கள். முதல் அல்காரிதமே போதும். ஒன்றாம் ஆபரேட்டர் ஒலிக்கும், இரண்டாவது அதை ஆட்டும். இரண்டாவதின் அளவை 0-லிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே ஒரு கட்டையை அழுத்திக் கேளுங்கள். அடுத்து அதன் விகிதத்தை 2 ஆக்குங்கள், பிறகு 1.41. கடைசியாக, விரலின் வேகத்துக்கு அந்த ஆபரேட்டர் எவ்வளவு அசைய வேண்டும் என்ற எண்ணை 0-லிருந்து 7 வரை நகர்த்திப் பாருங்கள். மற்ற நான்கு ஆபரேட்டர்களை அடுத்த வாரம் தொடலாம்.