கால் நாளங்களின் கதை



சபரகமுவ மாகாணத்தின் தோட்டப்புறங்களை அறிந்தவர்களுக்கு விடியற்காலைக் காட்சி ஒன்று நினைவிலிருக்கும். பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, இடுப்பிலே படங்கு கட்டி, தலையிலே கூடை மாட்டி, பெண்கள் வரிசையாக மலையேறுவர். இறப்பர் தோட்டங்களிலோ, வெயில் ஏறுமுன்னரே பால்வெட்டும் கத்தியும் வாளியுமாக மரத்துக்கு மரம் நடப்பர். அவர்களே மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து, வீங்கிய கால்களை நீவிக்கொள்ளும் காட்சியைக் கண்டு சிந்தித்தவர் சிலரே.

என் அன்னையாரும் அவ்வாறு காலை நீவியவரே. அவருடைய இடது முழங்காலின் கீழே, நீல நிறக் கயிறொன்றை முறுக்கிவிட்டாற்போல ஒரு புடைப்பு இருந்தது. ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்று அவர் சொல்லுவார். ஒருநாள் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி அவர் கணுக்காலைக் கீறியது. பத்து நாளில் ஆறவேண்டிய சிறு கீறல் புண்ணாகி, ஈராண்டுகள் ஆறாது நின்றது. எண்ணெய்கள் பூசினோம், பச்சிலைகள் கட்டினோம், அயலார் சொற்கேட்டு அட்டை விட்டும் பார்த்தோம். பயனில்லை. இறுதியில் தோட்டத்து மருந்துச்சாலையிலிருந்த முதியவர் ஒருவர், கால்விரலடியிலிருந்து முழங்கால்வரை துணிப்பட்டை சுற்றி, “அம்மா, படுக்கும்போது காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள்” என்றார். சில திங்களில் புண் ஆறிற்று. அந்தப் பட்டையில் என்ன மாயம் இருந்தது என்ற வினாவே, பின்னாளில் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். நாம் ‘நரம்பு’ என்று அழைப்பினும், சுருண்டு புடைப்பது உணர்ச்சியைக் கடத்தும் நரம்பன்று. உடலெங்கும் பரவிய குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் நாளமே அது. பெயர் பிழைத்தமையால் மருந்தும் பிழைத்தது. நரம்புத் தளர்ச்சி என்றெண்ணித் தைலங்கள் தேடினோமேயன்றி, குருதியின் வழியை நாம் எண்ணவில்லை.

இந்நோய் மனித குலத்துக்குப் புதியதன்று. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னர், கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசின் மரபில் எழுந்த நூல்கள், காலில் புண்ணுடையவன் நிற்றல் தகாது என்று அறிவுறுத்தின. கிறிஸ்துவுக்கு முன் 86இல் மறைந்த உரோமைத் தளபதி மாரியசின் இரு கால்களிலும் இத்தகைய புடைப்புகள் இருந்தனவாம். மயக்க மருந்து அறியாத அக்காலத்தில், தம்மைக் கட்டிவைக்கவும் இடங்கொடாது, ஒரு காலை அவர் அறுவைக்கு நீட்டினார். மற்றக் காலை நீட்ட மறுத்துவிட்டார். கிடைக்கும் நன்மை படும் வேதனைக்கு ஈடாகாது என்பது அவர் கருத்து என்று புளூட்டாக் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகின்றார். நம் பாரத நாட்டிலே சுசுருதரின் நூல், குருதிக் குழாயைக் கீறுதலையும் அட்டை விடுதலையும் விரிவாக உரைக்கின்றது. சிங்கராஜ வனத்தை அடுத்த ஈரமலைகளில் அட்டைக்குப் பஞ்சமில்லையாதலின், அம்முறை எங்கள் லயத்திலும் வழங்கியதில் வியப்பில்லை.

ஆயினும் குருதி எவ்வழி ஓடுகின்றது என்பதை இவர்களுள் எவரும் அறிந்திலர். ஈரலிலே பிறக்கும் குருதி நாளங்களின் வழியே உறுப்புகளைச் சென்றடைந்து, அங்கேயே செலவாகிவிடுகின்றது என்ற கேலனின் கொள்கையே நூற்றாண்டுகள் பலவாக மருத்துவ உலகை ஆண்டது. இத்தாலியின் பதுவா நகரப் பேராசிரியர் பப்ரிசியசு, நாளங்களின் உள்ளே சிறு கதவுகள் போன்ற வால்வுகள் இருத்தலை விளக்கி 1603ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். கதவைக் கண்டவர் அது திறக்கும் திசையின் பொருளைக் காணவில்லை. அதனைக் கண்டவர் அவரிடம் பயின்ற ஆங்கிலேயரான வில்லியம் ஆவி. குருதி இதயத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் இதயத்துக்கே சுற்றி வருகின்றது என்பதை 1628ஆம் ஆண்டில் அவர் நிலைநாட்டினார்.

நேயர்களே, அவர் செய்து காட்டிய சோதனையை நீங்களும் வீட்டிலே செய்து பார்க்கலாம். கையைச் சிறிது நேரம் தொங்கவிட்டால் புறங்கையிலும் முன்கையிலும் நாளங்கள் புடைக்கும். அவற்றுள் ஒன்றை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாகத் தடவுங்கள். நாளம் வெறுமையாகும். மேல் விரலை எடுத்தாலும், மேலேயிருக்கும் குருதி வால்வைத் தாண்டிக் கீழிறங்காது. கீழ் விரலை எடுத்தவுடன் நாளம் நிரம்பிவிடும். மேலே போக விட்டுக் கீழே வர மறுக்கும் கதவு அது.

இக்கதவுகளுக்குக் காலிலேதான் பெருஞ்சோதனை. அசையாது நிற்பவரின் கணுக்கால் நாளத்தில், இதயம்வரை உயர்ந்த குருதியின் பாரம் முழுவதும் அழுத்துகின்றது. பாதரச அளவில் அது ஏறத்தாழ 90 மில்லிமீற்றர். அவரே நடக்கத் தொடங்கினால், கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கிக் குருதியை மேலே தள்ள, அவ்வழுத்தம் மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்துவிடும். கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று மருத்துவர் கூறுவது இதனாலேயே. வால்வுகள் பழுதாயின், மேலேறிய குருதி கீழே வழிந்து தேங்கும். நாளம் புடைத்துச் சுருளும். தோல் கருத்து, அரித்து, சிறு கீறலும் ஆறாப் புண்ணாகும். குடிவழி, பல மகப்பேறுகள், முதுமை, உடற்பருமன், நெடுநேரம் நிற்றல் ஆகியன இதற்கு வாய்ப்பைப் பெருக்குவன. கொழுந்து மலையில் நிற்பவரும், தேயிலைத் தொழிற்சாலையின் சீமெந்துத் தரையில் நிற்பவரும், கரும்பலகை முன் முப்பதாண்டுகள் நின்ற என்போன்ற ஆசிரியரும் இதில் ஒரே குலத்தவரே.

காரணம் விளங்கியபின் சிகிச்சையும் திருந்தியது. செர்மானிய மருத்துவர் உன்னா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாகப் பசை தடவிய பட்டையால் கால் புண்களைக் கட்டினார். 1890ஆம் ஆண்டளவில் திரெண்டலன்பேர்க்கு, பழுதான பெருநாளத்தைத் தொடையிலே கட்டித் தடுக்கும் அறுவையைப் பரப்பினார். 1905 முதல் 1907 வரை அமெரிக்க மருத்துவர் மூவர் அந்நாளத்தை உருவியெடுக்கும் முறைகளை வகுத்தனர். நாள நோயால் தாமே வருந்திய பொறியியலாளர் யொப்சுற்று, நீச்சற்குளத்தில் நிற்கையில் நீரின் அழுத்தத்தால் வலி தணிவதை உணர்ந்து, கணுக்காலில் இறுக்கம் மிகுந்தும் மேலே செல்லச்செல்லக் குறைந்தும் அமையும் காலுறையை 1950ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். 1990களின் இறுதியிலிருந்து, நாளத்தினுள் மெல்லிய குழாயைச் செலுத்தி வெப்பத்தால் அதனை மூடும் முறையும் வந்துவிட்டது. மாரியசு இன்றிருந்தால் இரண்டாவது காலையும் நீட்டியிருப்பார்.

இவ்வளவு வளர்ச்சியும் நம் தோட்டப்புறத்துக்கு ஏன் மெல்லவே வந்து சேர்ந்தது? கோப்பிக் காலத்திலே, 1872ஆம் ஆண்டில், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டிலும் சட்டங்கள் வந்தன. 1916ஆம் ஆண்டில் உரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலைப் பகுதியை வாட்டியபோது நாடே பதறியது. கொல்லும் நோயும் தொற்றும் நோயும் ஆட்சியாளரின் கண்ணில் படுவது இயல்பே. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாமலும், உயிரை எளிதிற் பறிக்காமலும், ஒரு பெண்ணின் காலிலேயே இருபதாண்டுகள் குடியிருக்கும் நோய்க்கு யார் மணியடிப்பார்? நோயுற்றவரே, ‘இது வயதின் குணம்’ என்று சேலைக் கரையால் மறைத்துக்கொண்டனர்.

இனி மறைக்க வேண்டா. நெடுநேரம் நிற்போர் இடையிடையே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள், நாலடி நடவுங்கள். மாலையில் காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்திப் படுத்திருங்கள். அழுத்தப் பட்டையையும் காலுறையையும் மருத்துவரின் சொற்படியே அணிக. நீரிழிவு உள்ளோருக்கும், காலுக்குக் குருதி கொண்டுவரும் நாடிகள் அடைபட்டோருக்கும் அவை தீங்கும் செய்யக்கூடும். புடைத்த நாளம் உடைந்து குருதி பெருகினால், உடனே படுத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உதவியை அழையுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், உள்நாளத்தில் குருதி உறைந்திருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஆறாப் புண்ணுள்ளோர் இரத்தினபுரி, கேகாலை நகரங்களிலுள்ள பெரிய அரச வைத்தியசாலைகளின் அறுவைச் சிகிச்சைப் பிரிவை நாடலாம், அங்கே கட்டணமில்லை.

என் அன்னையார் ஆவியின் பெயரைக் கேட்டறியார். ஆனால் அந்த முதியவர் சுற்றிய முழப்பட்டையிலே, இப்போக்கிரட்டீசின் எச்சரிக்கையும், பதுவா நகரத்தார் கண்ட கதவுகளும் அடங்கியிருந்தன. அவ்வறிவு நம் ஒவ்வொரு லயத்தின் வாசலையும் எட்டுமாயின், ஒரு கீறலுக்காக எந்தத் தாயும் ஈராண்டுகள் வருந்த வேண்டியதில்லை. இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவரின் கால்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.