மங்கிய பொத்தானின் வரலாறு

கணினித் திரையில் ஒரு படிவம் விரிகிறது. பெயரை உள்ளிடும்வரை 'சரி' என்னும் பொத்தான் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. முதல் எழுத்து விழுந்ததும் கறுத்து உயிர்பெறுகிறது. நாள்தோறும் காணும் இவ்வெளிய காட்சிக்குப் பின்னால், கட்டளையின் இலக்கணமே மாறிய வரலாறு ஒன்று உண்டு.

கட்டளை வரிகளின் காலத்தில் வினையே முதலில் வந்தது. 'அழி' என்று தொடங்கி, எதனை என்பதைப் பின்னர் எழுதவேண்டும். முழுவதும் எழுதி விசையை அழுத்தும்வரை அது பொருந்துமா என்பதை எந்திரம் அறியாது. அறிந்தபின் அதனால் இயன்றது பிழைச் செய்தி ஒன்றே.

1970களின் நடுவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கிய ஜிப்ஸி என்னும் உரைத்தொகுப்பி இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. முதலில் சொல்லைத் தெரிவுசெய்ய வேண்டும், செயல் பின்னர்தான். பெயர் முன்னும் வினை பின்னுமாக, ஏறத்தாழ நம் தமிழ்த் தொடரைப் போல! பெயர் முன்னரே தெரிந்துவிட்டால், அதற்கு எவ்வினைகள் பொருந்தும் என்பதையும் எந்திரம் முன்னரே அறிய இயலும். பிழையை முன்கூட்டியே தடுப்பதற்கான வழி இவ்வாறு திறந்தது.

டெஸ்லர் 1980இல் ஆப்பிள் நிறுவனத்திற்குச் சென்றார். 1983இல் வெளியான லிசாவிலும் 1984இல் வெளியான மெக்கின்டாஷிலும், அப்போதைக்குப் பொருந்தாத கட்டளைகள் மறைக்கப்படவில்லை, மங்கலாக்கப்பட்டன. இப்படியொரு செயல் உண்டு, ஆனால் இப்போது இயலாது என்பதே அதன் பொருள். கறுப்பும் வெள்ளையும் மட்டுமே அறிந்த மெக்கின்டாஷ் திரையில், எழுத்தின் புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக நீக்கிச் சாம்பல் நிறத்தைத் தோற்றுவித்தனர். பொத்தானை முடக்க, ஹைலைட்கன்ட்ரோல் என்னும் செயல்கூறுக்கு 255 என்ற எண்ணைத் தருவது அங்கு முறை.

1991இல் வந்த விஷுவல் பேசிக் இந்நுட்பத்தை எளியோர் கைக்கும் கொண்டுவந்தது. உரைப்பெட்டியில் ஒவ்வோர் எழுத்து மாறும்போதும் 'சேஞ்ச்' நிகழ்வு எழும். பெட்டி வெறுமையா என்று சோதித்துப் பொத்தானின் 'எனேபிள்டு' பண்பை மாற்ற ஓரிரு வரிகள் போதும். அலுவலகப் படிவங்களிலெல்லாம் சாம்பல் பொத்தான்கள் பெருகின.

எதிர்ப்பும் எழுந்தது. 2008இல் ஜோயல் ஸ்போல்ஸ்கி என்னும் நிரலாளர், கட்டளைகளை மறைக்கவும் வேண்டாம், முடக்கவும் வேண்டாம். அழுத்தினால் ஏன் இயலாது என்று சொல்லுங்கள் என எழுதினார். அவர் கூற்றில் நியாயம் உண்டு. பத்துக் கட்டங்கள் கொண்ட படிவத்தில் எது குறை என்பதை எந்திரம் அறியும். பயனரோ தேடித் தவிப்பார். பார்வை மங்கியோர் நிலை இன்னும் கடிது. அதே 2008இல் வெளியான இணைய உள்ளடக்க அணுகல் நெறிகள் எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய நிற வேறுபாடு கோருகின்றன. முடக்கப்பட்ட பொத்தானுக்கோ அவ்விதியிலிருந்து விலக்கு.

பிழை நேராமல் காக்கும் கருணையாகப் பிறந்தது இந்த மங்கல். பழைய பிழைச் செய்தி கடுமையாயினும் பேசியது. மங்கிய பொத்தான் பேசுவதில்லை. அதன் அருகே காரணத்தை ஒரு வரியில் எழுதிவைக்கும்போதுதான் டெஸ்லர் தொடங்கிவைத்த அந்த உரையாடல் நிறைவுறும்.