இடைகழி இருளும் யதார்த்தக்யாதியும்

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, தென்பெண்ணையின் தென்கரையில் அமைந்த திருக்கோவலூர் நடுநாட்டுத் திவ்யதேசம். 2019 நவம்பரில் விழுப்புரத்தினின்று பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று அடங்குவது. முதலாழ்வார் மூவரும் மழையிரவில் ஒதுங்கிய இடைகழி இவ்வூரதே. ஒருவர் கிடக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவும் போதுமான அவ்விடத்தில் நான்காமவர் ஒருவர் நெருக்குவதை மூவரும் இருளிலேயே உணர்ந்தனர். பொய்கையாழ்வார் வையத்தையும் பூதத்தாழ்வார் அன்பையும் தகளியாக்கி விளக்கேற்ற, பேயாழ்வார் கண்டார்.

இவ்வரலாற்றில் நெருக்கம் முந்தியது, விளக்குப் பிந்தியது. விளக்கு எம்பெருமானைப் படைக்கவில்லை, முன்பே நின்றவனைக் காட்டிற்று. இருளில் பிறந்த உணர்வு குறையுடையதேயன்றிப் பொய்யன்று.

இக்கருத்தையே பிரமாண விசாரமாக ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் காண்கிறோம். முத்துச்சிப்பி வெள்ளியாகத் தோன்றுவதைக் காட்டி உலகத் தோற்றத்தை மித்யை என்பார்க்கு எம்பெருமானார் கூறும் விடை யதார்த்தக்யாதி. பூதங்கள் ஒன்றிலொன்று கலந்திருத்தலால் சிப்பியிலும் வெள்ளியின் கூறு சிறிதுண்டு. கண்ணின் குறையால் மிகுதியான சிப்பிக்கூறு புலப்படாது, அச்சிறு கூறே புலப்படுகிறது. கொள்ளிவட்டத்தில் விரைவு காரணமாக இடைவெளி அறியப்படுவதில்லை. ஆகவே மயக்கமாவது இல்லாததைக் காண்டலன்று. உள்ளதை முழுதும் காணாமை.

ஐரோப்பாவில் 1867இல் நிறைவுற்ற தம் ஒளியியல் நூலில் ஹெல்ம்ஹோல்ட்ஸ், காட்சி என்பது நாம் அறியாமலே நிகழும் ஓர் அனுமானம் என்றார். விழித்திரையில் நரம்பு புறப்படும் இடத்தில் பார்வையில்லை. எனினும் அங்கே வெற்றிடம் தோன்றாது, சுற்றியுள்ள வண்ணத்தைக் கொண்டு நிரப்பப்படுகிறது. இந்நிரப்பலைக் கிரெகரியுடன் 1991இல் ஆய்ந்தவர் 1951இல் விழுப்புரத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன். கை இழந்தோர் இல்லாத கையில் வலியுணர்வதையும் அவர் ஆராய்ந்தார். எஞ்சிய கையின் பிம்பத்தை ஆடியில் இழந்த கையின் இடத்தில் காட்டியபோது, சிலர்க்கு அவ்வலி தணிந்தது.

இவற்றை முன்னமே நம் ஆசாரியர் உரைத்தனர் என்று கொள்வது இரு மரபுக்கும் நியாயமாகாது. எம்பெருமானார் மயக்கத்தைக் குறைவாகக் காண்கிறார். நரம்பியலோ மூளை தானே சேர்க்கும் மிகையையும் காட்டுகிறது. இழந்த கையின் உணர்வுக்குப் பூதக்கலப்பு விடை எளிதிற் பொருந்தாது. இவ்வேறுபாட்டை மறையாமல் வைத்தே மேல் ஆராய வேண்டும்.

ஆயினும், மூளை காட்சியை அமைக்கிறது என்பதனால் காணப்படும் உலகு மித்யை என்னும் முடிவு பெறப்படாது. கண்குறையால் மயக்கம் வந்தது என்பார்க்கு அக்குறை மெய்யாக இருத்தல் வேண்டும். இழந்த கையின் வலிக்கும் மெய்யான நரம்பும் மூளையும் காரணமாதலால், அமைப்பு என்னும் சொல்லே அமைக்கும் கருவியின் உண்மையை முன்கொள்கிறது. அன்றியும், பிழையை நீக்குவது மற்றோர் அறிவேயன்றி அறிவின் ஒழிவன்று: சிப்பியை அணுகிக் கண்டவனுக்கு வெள்ளிமயக்கம் நீங்குகிறது.

தேஹளீச ஸ்துதி அருளிய வேதாந்த தேசிகர், தத்துவமுக்தாகலாபத்தில் அறிவின் இயல்பை ஆராய ஒரு பகுதியையே ஒதுக்கினார். இடைகழிப் பெருமானைத் துதித்தவரே அறிவின் எல்லையையும் அளந்தார் என்பது, இவ்விரண்டும் நம் மரபில் ஒரே விசாரத்தின் இரு முகங்கள் என்பதற்குச் சான்று.