நான்கு மீட்டருக்குள் ஒரு கார்

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை அமைத்து, 1998-ல் சான்ட்ரோவை வெளியிட்டது. அது பல குடும்பங்களுக்கு முதல் கார். சற்று வசதி தேடியவர்கள் அன்று செடானுக்குத்தான் போனார்கள். பின்னால் டிக்கி நீண்டிருந்தால்தான் மதிப்பு. 2004-ல் வந்த கெட்ஸ் இந்த எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்தது, அவ்வளவுதான்.

மாற்றியது வரி. 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது; எஞ்சின் பெட்ரோலில் 1,200 சி.சி., டீசலில் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2008 டிசம்பரில் வந்த ஹூண்டாய் ஐ20-ன் நீளம் 3,940 மி.மீ., பெட்ரோல் எஞ்சின் 1,197 சி.சி. அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வரைந்ததுபோல் இருக்கிறது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்து, அதே வரம்புக்குள் மைக்ரா வந்தது.

இன்று அந்த ஐ20-ஐ செகண்ட் ஹேண்டில் தேடுபவர் முதலில் தலைமுறையைப் பிரித்தறிய வேண்டும்: 2008, 2014-ன் எலைட், 2020. 1.4 லிட்டர் டீசல், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததோடு நின்றுபோனது. தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு டீசல் வீண்செலவு. 1.2 பெட்ரோலில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான்; காலையில் ஆறிய எஞ்சினைக் கிளப்பும்போது கரகரத்தால் அதைப் பார்க்க வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளம் சென்னை வட்டாரத்தில் ஏராளமான கார்களை மூழ்கடித்தது. பாலிஷ் போட்டால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும்; சீட் நகரும் தண்டில் துரு ஏறியிருக்கும். கண்ணாடிகளின் மூலையில் உள்ள தயாரிப்புக் குறிகளில் ஒன்று மட்டும் வேறுபட்டால், அதை மாற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டை வண்டியின் சேஸிஸ் எண் எம்.ஏ.எல். என்று தொடங்கும், அது ஆர்.சி. புக்கோடு எழுத்துக்கெழுத்து ஒத்துப்போக வேண்டும். கடன் இருந்திருந்தால் படிவம் 35-ம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-ம் தேவை.

பெயர் மாற்றத்தை ஆறப்போடுவது பழைய வழக்கம். பதிவேட்டில் பெயர் இருப்பவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்களும் ஆர்.டி.ஓ.வின் அங்கீகாரம் பெற வேண்டும்.