இலவம்பஞ்சு குடித்த எண்ணெய்

நீரில் படர்ந்த எண்ணெயைத் தாவர நாரால் உறிஞ்சியெடுக்கலாம் என்பது ஆய்வுக்கூடங்களின் புதுக் கண்டுபிடிப்புப் போலப் பேசப்படுகிறது. திருகோணமலைத் துறைமுகத்தின் பழங்கதை தெரிந்தவர்களுக்கு அதில் பெரிய புதுமை இராது. எண்ணெய் வருமுன்னர் இந்துமாக்கடலின் துறைகளை ஆண்டது நார்தான். அக்காலக் கலங்கள் பல, ஆணியின்றித் தென்னந்தும்புக் கயிற்றால் தைக்கப்பட்டவை. தும்பில் செல்லுலோசோடு லிக்னினும் மிகுதியாகப் பின்னிக் கிடப்பதால் உப்புநீரில் அது எளிதில் உக்காது. பின்னர் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது. திருகோணமலையின் சீனன்குடாவில் சுமார் நூறு எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. முதல்நாள் இரவு இங்கிருந்து வெளியேறிய ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

அந்தப் போர்க்காலத்தில் கடலோடிகளின் மிதவை அங்கிகள் பலவற்றில் அடைக்கப்பட்டிருந்தது இலவம்பஞ்சு. அதன் இழை உள்ளே குழல், வெளியே மெழுகுப் பூச்சு; தண்ணீர் ஒட்டாது, காற்று தங்கும். ஆனால் எண்ணெய் படர்ந்த கடலில் அதே பஞ்சு எண்ணெயைக் குடித்து மிதப்பை இழந்துவிடும். நாரின் இயல்பு அன்றே தெரிந்திருந்தது, குறையாக மட்டும். மாலுமிக்கு எமனான குணம் கடலுக்கு மருந்தாகலாம் என்று அதைத் திருப்பிப் பார்க்கத்தான் காலம் பிடித்தது. 1967இல் இங்கிலாந்துக் கரையில் ‘டொரி கன்யன்’ கப்பல் உடைந்தபோது ஏறக்குறைய 10,000 தொன் சலவைத் திரவத்தைக் கொட்டினார்கள். கரையோர உயிர்களுக்கு எண்ணெயைவிட அதுவே கொடியதாயிற்று. இரண்டாண்டு கழித்து கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் வைக்கோலைத் தூவி வாரியெடுத்தார்கள். அதன்பின் பொலிப்புரொப்பிலீன் வந்து வைக்கோலைத் தள்ளியது. எண்ணெயில் பிறந்த பிளாஸ்டிக்கே எண்ணெயைத் துடைக்க வந்தது ஒரு வேடிக்கைதான்.

செல்லுலோசுக்குத் தண்ணீர்மேல் ஆசை அதிகம், ஊறினால் தாழ்ந்துவிடும் என்பார்கள். வைக்கோலுக்கும் மரத்தூளுக்கும் அது பொருந்தும். மெழுகேறிய இலவுக்குப் பொருந்தாது. தும்பு முதலிய மற்ற நார்களையும் அசற்றைலேற்றம் செய்தால் நீரை ஒதுக்கப் பழகிவிடும். அளவு பற்றிய ஆட்சேபம் இதைவிட வலியது. 2020 செப்டெம்பரில் கிழக்குக் கரைக்கு அப்பால் எரிந்த ‘நியூ டயமண்ட்’ கப்பலில் சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. அது கொட்டியிருந்தால் எந்தப் பஞ்சும் காணாது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இறங்குதுறைக்குப் பெரும் கப்பல் கவிழ்வது அன்றாடத் தொல்லையல்ல. படகு எந்திரத்திலிருந்து சொட்டுவதும் அடித்தட்டு நீரோடு வெளியேறுவதுமே அன்றாடம். நாருக்கு ஏற்ற வேலை அதுதான்.

நீரைக் காக்க வரும் தும்பே நீரைக் கெடுத்துத்தான் பிறக்கிறது என்ற குத்தலுக்கு என்னிடம் மறுப்பில்லை. பொச்சுமட்டை உக்கும் குழிகளின் நீர் கறுத்து நாறும், மீன் தங்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே தும்பைவிட இலவுக்கு முதலிடம் கொடுப்பேன். அதன் காயை எந்த நீரிலும் ஊறப்போட வேண்டியதில்லை. வெயிலில் தானே வெடிக்கும்.